வாங்குவாரில்லாத மாத்திரைப் பை

இண்டூர்,
ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அறிவழகன் அவர்களுக்கு, மாமனார் பெரியண்ணன் எழுதிக்கொள்வது. ஓசூரில் தாங்களும் யுவராணியும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம். உங்கள் அத்தை சுகமானது மாத்திரையை நிறுத்திய பிறகுதான். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் தாங்கள் இதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

முட்டிவலி என்று தருமபுரியில் ஒரு டாக்டரிடம் போனாள். வலிக்கு இரண்டு, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒன்று, சத்துக்கு ஒன்று என்று ஒரு மாதத்துக்கு எழுதினார். தலை சுற்றியது. இன்னொரு டாக்டரிடம் போனோம். பழைய சீட்டைக் காட்டினால் கோபித்துக்கொள்வாரென்று அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவரும் எழுதினார். மூன்றாமவரிடமும் அப்படியே. கடைசியில் மருந்துக்கடை அருள்குமார் எல்லா அட்டைகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூணு பேரு குடுத்ததும் ஒரே வலி மாத்திரதாங்க, கம்பெனிதான் வேற" என்கிறார். "வேற என்ன சாப்பிடறீங்க?" என்று ஒருவராவது கேட்டிருக்கக் கூடாதா? எழுதுகிற கைக்கு அவ்வளவு அவசரமா? எனக்கு வயிறு எரிகிறது; அதற்கு மாத்திரை வேண்டாம்.

மிச்சம் ஒரு பை நிறைய இருக்கிறது. அடுத்த மாதம் பேரன் வருகிறான். கையில் கிடைத்ததை வாயில் போடுகிற வயது. அதற்குள் இந்தப் பை ஒழிய வேண்டும் என்பதுதான் என் கவலை. அருள்குமார், "வெட்டுன அட்டய திரும்ப எடுக்க மாட்டோங்க" என்றார். குப்பை வண்டி சுகுணா, "ஆடு தின்னு செத்தா யாருங்க பதில் சொல்றது?" என்று பையை என் கையிலேயே திரும்பத் திணித்துவிட்டுப் போனாள். சுகாதார நிலையத்து நர்ஸ், "இங்க குடுக்கறதுதாங்க உண்டு, வாங்கறது கெடையாது" என்றார். வெறுத்துப்போய் எருக்குழியில் புதைத்தேன். கோழிகள் கிளறிவிட்டன. பக்கத்து வூட்டு ராமக்காள் பொறுக்கி, அலம்பி, துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு அட்டை குறைந்தது. கேட்டால், "எனக்கும் முட்டிவலிதானுங்களே" என்கிறாள். அதைப் பிடுங்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

ஊருக்குள் மருந்தைக் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்குத் திரும்பக் கொண்டுபோகத் தெரியாதா? தங்கள் கம்பெனி மேலதிகாரியிடம் இதைக் கேட்டுச் சொல்லவும்.

குழந்தைக்கு எங்கள் முத்தங்கள். மூவரும் நோய்நொடியின்றி, முக்கியமாக டாக்டரின்றி, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பெரியண்ணன்

பி.கு.: ஓசூர் வரும் முருகேஷ் கையில் தங்களுக்குக் கொடுத்தனுப்பும் ராகி மாவுப் பையில் இக்கடிதத்தை வைக்கப் போனேன். மாவுக்கு அடியில் அந்த மாத்திரைப் பை இருக்கிறது. உங்கள் அத்தையைக் கேட்டால், "மாப்பிள்ளைக்குத்தான் மருந்தப் பத்தித் தெரியுமில்லீங்க, அங்கியே போவட்டும்" என்கிறாள். யோசித்துப் பார்த்தேன். நானும் எடுக்கவில்லை; முடிச்சை மட்டும் இறுக்கியிருக்கிறேன். பையைப் பிரிக்கும்போது பேரனை யுவராணி தூக்கி வைத்துக்கொள்ளட்டும்.