பெருஞ்சொல் விழுங்கி

கொக்கையும் நாரையையும் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் பாகூர் ஏரிக்கரை வரைக்கும் நடக்க வேண்டும். பெருஞ்சொல் விழுங்கியைப் பார்க்க அந்தச் சிரமமெல்லாம் இல்லை. பாகூரிலிருந்து புதுச்சேரி போகும் காலைப் பேருந்தில் ஏறினால் போதும். காதில் ஒயர், கையில் போன், கண் பாதி மூடியிருக்கும், உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். சாமி கும்பிடுகிறது என்று நினைத்து நீங்களும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆங்கிலத் தேர்வுக்குச் சொல் சேர்க்கிறது.

சின்னச் சொல் இதற்கு ஆகாது. 'பிக்' என்று சொல்லக் கூசும். 'கொலாசல்' என்றால்தான் தொண்டை குளிரும். 'குட்' என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சொல். நேற்றுக் கிடைத்த சொல்லை இன்று யார் மேலாவது பிரயோகித்துப் பார்க்காவிட்டால் இதற்குச் சோறு இறங்காது. யார் மேல்? எதிரே யார் வருகிறார்களோ அவர்கள் மேல்தான்.

எங்கள் எதிர்வீட்டுக் கலைச்செல்வன் அப்படி ஆனவன். நல்ல பையன். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவனோடு படித்த வெண்ணிலா அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். இருவருக்கும் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. ஆனால் வில்லியனூரில் இருக்கும் அவள் அப்பா மணவாளன் ஒரு கொக்கி போட்டார்.

"மாப்ள அங்க, பொண்ணு இங்கன்னா ஊரு ஒத்துக்கும். பொண்ணு அங்க, மாப்ள இங்கன்னா இன்னா பேசும்? ஐயெல்ட்ஸுல ஏழு வாங்கினு வாப்பா, தேதி குறிச்சிடலாம்."

ஐயெல்ட்ஸ் என்பது வெளிநாடு போகிறவர்களின் ஆங்கிலத்தை எடைபோடும் தேர்வு. ஒன்பதுக்கு ஏழு வேண்டும். பயிற்சி மையத்தில், அதிகம் புழங்காத சொற்களுக்கு மதிப்பு உண்டு என்றார்கள். 'இடமறிந்து சொன்னால்' என்று அவர்கள் சேர்த்துச் சொன்னது, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இவன் காதில் விழவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தமிழுக்குத் தலை சுற்றியது.

"ராத்திரி தூங்கனியாடா?" என்பார் அவன் அம்மா அமுதம்.

"எங்கம்மா தூங்கறது? எங்க பாத்தாலும் கொசு யுபிக்விட்டஸ்."

"பிஸ்கட்டா? கொசு பிஸ்கட்டு கூடவா துன்னுது?"

வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செல்லிப்பட்டிலிருந்து பக்கிரி என்ற விவசாயி கால் முறிந்து வந்து வார்டில் படுத்திருந்தார். மருந்தின் வேகம் குறைந்ததும் வலி கொஞ்சம் கூடும், பயப்பட வேண்டாம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. கலைச்செல்வன் கட்டிலருகில் நின்று, "பெரியவரே, நைட்டு உங்களுக்கு எக்ஸாசர்பேட் ஆவும்" என்றான்.

பக்கிரி தலையாட்டினார். அவன் நகர்ந்ததும் போனை எடுத்தார். "டேய், காலு மட்டும் இல்லியாம்டா. ராத்திரிக்கு எக்சா வந்துடுமாம். எல்லாரையும் இட்டுனு வந்துடு." சாயங்காலம் மருத்துவமனை வாசலில் ஒரு லோடு ஆட்டோ நிறைய உறவு வந்து இறங்கியது. இரண்டு பெண்கள் வரும்போதே அழுதுகொண்டு வந்தார்கள். தலைமை நர்ஸிடம் கலைச்செல்வன் வாங்கிய வசவில் ஒரு சொல்லுக்குக்கூட அகராதி தேவைப்படவில்லை.

திருந்தினானா? இந்த இனம் அவ்வளவு லேசில் திருந்துமா? வெண்ணிலா போனில், "உன்னப் பாக்கணும்போல இருக்குடா" என்றாள். 'எனக்கும்தான்' என்பதற்கு இவன், "த சென்டிமென்ட் ஈஸ் ரெசிப்ரொக்கேட்டட்" என்றான்.

"நீ நர்ஸா, நோட்டீஸ் போர்டாடா?" என்று கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

தேர்வு நாள் வந்தது. சென்னையில், ஒரு சின்ன அறையில், எதிரே ஓர் அம்மையார் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். நீங்கள் பழுது பார்த்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். கலைச்செல்வனுக்கு உள்ளூரக் குஷி. அம்மாவின் குக்கரை அவன்தானே சரிசெய்தான்! 'மை மேட்டர்னல் பேரன்ட்' என்று கம்பீரமாகத் தொடங்கி, குக்கரின் அருமை பெருமைகளை அடுக்கிக்கொண்டே போய், மூடியிடம் வந்து நின்றான்.

மூடி. மூடிக்கு ஆங்கிலத்தில் என்ன?

நாக்கில் ஆயிரம் சொற்கள் முண்டியடித்தன. அந்த ஒன்றைக் காணோம். 'கொலாசல்' வந்தது, 'யுபிக்விட்டஸ்' வந்தது, 'மூடி' வரவில்லை. கையால் வட்டம் போட்டுக் காட்டி, "த சுப்பீரியர் சர்க்குலர் கவரிங் அப்பரேட்டஸ்" என்றான்.

அம்மையார் யோசித்தார். "லிட்?" என்றார், மெதுவாக.

"யெஸ் மேடம்," என்றான் கலைச்செல்வன். அதற்குப் பிறகு அவனுக்குப் பேச்சே வரவில்லை.

பேச்சுத் தேர்வில் ஐந்தரை. முடிவைப் பார்த்ததும் வெண்ணிலாவைக் கூப்பிட்டான். "போச்சு வெண்ணிலா. அழுவ அழுவயா வருது," என்றான்.

அவள் சொன்னாள்: "இத்தினி நாள்ல எனக்குப் புரிஞ்ச மொத பேச்சு இதான்டா. இங்க என் வார்டுல கெழவங்க ராவும் பகலும் இன்னா கேக்கறாங்க தெரியுமா? வலிக்குது, தண்ணி குடு, சன்னலச் சாத்து. அதுக்கு நான் கொலாசலா பதில் சொல்றேன்? பெரிய வார்த்த வேணாங்கல. அது வேண்டிய எடத்துல வரட்டும். இனிமே தெனம் எனக்குப் போன் பண்ணி, இன்னிக்கு வார்டுல இன்னா நடந்துச்சுன்னு இங்கிலீஷ்ல சொல்லு. பந்தா காட்டுனா வெச்சிடுவேன்."

முதல் வாரம் அவள் அடிக்கடி வைத்தாள். வைக்க வைக்க இவன் பேச்சு தெளிந்தது. பக்கிரி ஊன்றுகோலோடு நடந்து வீடு போனதை ஒரு நாள் அவன் சொன்ன விதத்தில் அவள் சிரித்து, சிரிப்பிலேயே கண் கலங்கினாளாம். மறுபடி எழுதினான். இந்த முறை ஏழரை.

அமுதம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "ஏழரையா! ஐயோ, திருநள்ளாறு போயி வெளக்கு போட்டுனு வந்துடலாம்டா!" அது நல்ல ஏழரை என்று புரியவைக்க ஒரு காப்பி குடிக்கும் நேரம் ஆயிற்று.

கல்யாணம் வில்லியனூரில். சந்தோஷமான செய்தி அது. கவலையான செய்தி வேறு. மகளைப் பார்க்க வெளிநாடு போகப்போகிறோமே என்று மணவாளன் போனில் தினம் ஒரு சொல் படிக்க ஆரம்பித்திருந்தார். பந்தியில் பாயசத்தை உறிஞ்சிவிட்டுச் சமையல்காரரைப் பார்த்து, பிரமாதம் என்பதற்கு, "எக்ஸ்க்விசிட்!" என்றார். சமையல்காரர் வெலவெலத்துப்போய் உள்ளே ஓடி, பால் பாக்கெட்டில் எக்ஸ்பைரி தேதியைத் தேடினார். ஒருவனைப் பிடித்த பெருஞ்சொல் இறங்கினாலும் ஊரைவிட்டுப் போவதில்லை பாருங்கள். பக்கத்துத் தோள் ஒன்றைத் தேடி ஏறிக்கொள்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நாளைக்கு யாராவது உங்களிடம், "இந்தக் கதையப் படிச்சீங்களே, எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். 'நல்லா இருந்தது' என்று வாயில் வந்தால் தப்பித்தீர்கள். 'ஒரு விதமான அங்கதத் தொனியோடு கூடிய சமூக...' என்று இழுக்கத் தொடங்கினீர்களானால், ஐயா, தயவுசெய்து அந்தக் காலைப் பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் உட்காருங்கள். உங்கள் பெருஞ்சொல்லெல்லாம் வெளியே பறந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கொஞ்சம் காற்று வரட்டும்.