தலைகீழாக நின்ற கோல்ஃப் பை

கோல்ஃப் ஆட்டத்தை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் உலகம் முழுக்க கோல்ஃப் ஆடுகிறவர்கள் தங்கள் மட்டைகளைத் தப்பாகத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்று ஒரு மாதம் முழுக்க நம்பியிருந்தேன். அவர்களைத் திருத்தும் பொறுப்பு, புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு பை கம்பெனியின் மாடியில் உட்கார்ந்திருக்கும் என்மேல் விழுந்திருக்கிறது என்றும் நம்பினேன். (அப்போது என் மகள் அமலிக்கு ஒன்பது மாதம். அந்தக் காலத்தில் நான் நம்பியவற்றையெல்லாம் எழுதி வைத்தால், கோல்ஃப் விஷயம் அவ்வளவு மோசமாகத் தெரியாது.)

கம்பெனியில் நான் டிசைனர். வெளியே அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். உண்மையில் வேறு யாரோ வரைந்த கைப்பையில் பொத்தான் எங்கே வர வேண்டும் என்று குறிப்பு எழுதுவதுதான் என் வேலை. பிரசவ விடுப்பையும் அதற்குமேல் கெஞ்சி வாங்கிய விடுப்பையும் முடித்துக்கொண்டு திரும்பிப் போன வாரம், சீனியர் டிசைனர் சென்னைக்கு வேலை மாறிப் போயிருந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“செலின், பிரான்ஸ்லேந்து ஒரு ஆர்டர் வர்ற மாதிரி இருக்கு. கோல்ஃப் பை. பதினாலு மட்டை புடிக்கணும். தூக்க லேசா, அடுக்க சுலபமா இருக்கணுமாம். கடையில இருக்கற மாதிரியே வேணாம், புதுசா யோசிங்கன்றாங்க. ஒரு மாசத்துல சாம்பிள் வேணும். நீயே முழுசா செய்ம்மா.”

நான் தலையாட்டினேன். முழுப் பை ஒன்றை யாரும் என்னிடம் தந்தது அதுதான் முதல் முறை.

அமலியை வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கிரெஷ்ஷில் விட்டுவிட்டுத்தான் கம்பெனி வேன் ஏறுவேன். கையில் கொடுக்கும்போது அவள் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொள்வாள். அழ மாட்டாள். பிடியை விடவும் மாட்டாள். அங்கிருக்கும் அக்கா ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுப்பார். ஐந்து விரல்கள். அதற்குப் பிறகு மேட்டுப்பாளையம் வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தூசி விழுந்ததுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவேன். எதற்காக இவளை விட்டுவிட்டு வருகிறேன்? பொத்தானுக்கா?

ஆகவே எனக்கு நானே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். இந்தப் பை தேறினால் வேலை; தேறாவிட்டால் வீடு. எதையும் கடைசி நேரத்துக்குத் தள்ளிவைத்துப் பழக்கமில்லாததால், ராஜினாமா கடிதத்தையும் அந்த வாரமே வேனில் உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் எழுதி முடித்தேன். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன்.

பிறகு ஆராய்ச்சியில் இறங்கினேன். அமலி மடியில் பால் குடித்துக்கொண்டிருக்க, சத்தத்தை அணைத்துவிட்டு போனில் கோல்ஃப் வீடியோக்களாகப் பார்த்தேன். பார்த்ததும் பகீரென்றது. எல்லாப் பையிலும் மட்டைகளின் இரும்புத் தலைகள் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. இடுப்பு உயரத்தில், கொக்கி கொக்கியாக. நடக்கப் பழகும் குழந்தையின் கண் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

என் கணவர் ஜெரோமிடம் போனைக் காட்டினேன். “பாருங்க, எவ்ளோ ஆபத்தா தூக்கிட்டுப் போறாங்க.”

“கோல்ஃப் மைதானத்துல எதுக்குடி கொழந்தை வரப் போவுது?”

“ஆடி முடிச்சா வீட்டுக்கு வர மாட்டாங்களா? வாசல்ல சாத்தி வெக்க மாட்டாங்களா?”

அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. அதை என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன். (களைப்பில் தூங்கிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.)

இன்னொரு கருத்தும் கேட்டுவிடலாம் என்று மாமாவிடம் போனேன். என் மாமனார் சாயங்காலம் தவறாமல் பெத்தாங் ஆடப் போகிறவர். மண் தரையில் இரும்புக் குண்டு வீசுகிற ஆட்டம். மூன்று குண்டுகளையும் ஒரு பழைய தலையணை உறையில் போட்டு எடுத்துப் போவார். எங்கள் குடும்பத்தில் விளையாட்டுச் சாமான் தூக்கிப் பழக்கமுள்ள ஒரே ஆள்.

“மாமா, கனமான சாமான் பையில எங்க இருக்கணும்?”

“அடியிலதான். மேல வெச்சா மூஞ்சில இடிக்கும். ஏம்மா, யாருக்கு?”

“கோல்ஃப் ஆடறவங்களுக்கு.”

“சொல்லிடு,” என்றார் மாமா.

இப்படியாக என் டிசைன் உருவானது. மட்டைகளின் தலை கீழே, பிடி மேலே. பையின் அடி அகலம், மேல்பக்கம் குறுகல். உள்ளே பதினான்கு தடுப்புகள். அடிப்பக்கத்தில் வட்டமாக ஒரு ஜிப், அதற்கு ஒரு பூட்டு. மட்டை வேண்டுமென்றால் பையைப் படுக்கப்போட்டு, பூட்டைத் திறந்து, அடிக்கதவு வழியாக உருவிக்கொள்ளலாம். எந்தக் குழந்தையாலும் எடுக்க முடியாது. (பெரியவர்களாலும் முடியாது என்பதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை.)

பக்கங்களில் எட்டுப் பாக்கெட்டுகள். அவற்றில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. அமலியின் பையில் ஜிப்பை இழுத்தால் அவள் விழித்துக்கொள்வாள். வெல்க்ரோ ஒட்டுப் பட்டையைப் பிரித்தால் தெருவே விழித்துக்கொள்ளும். அதனால் கோல்ஃப் பைக்கு ஜிப்பும் இல்லாமல், ஒட்டுப் பட்டையும் இல்லாமல், துணி ஒன்றின்மேல் ஒன்று மடிந்து மூடுகிற பாக்கெட்டுகளாக வைத்தேன். கைவிட்டு எடுத்தால் மூச்சுச் சத்தம்கூட வராது.

கம்பெனியில் கோல்ஃப் மட்டை ஒன்றுகூட இல்லை. சாம்பிள் தைக்கும் கோதண்டம் மாஸ்டர் பதினான்கு மூங்கில் குச்சிகள் கொண்டுவந்தார். தலைக்கு என்ன செய்வது? கேன்டீனிலிருந்து கரண்டிகளை வாங்கி நுனியில் கட்டினோம். கம்பெனியில் இருந்த மொத்தக் கரண்டிகளும் கோல்ஃபுக்கு வந்துவிட்டதால், அன்று எல்லாருக்கும் சாம்பாரை டம்ளரால் மொண்டு ஊற்றினார்கள்.

“மேடம், இந்த வெளையாட்டுல கரண்டிய எப்பல்லாம் எடுப்பாங்க?” என்று கேட்டார் மாஸ்டர்.

“தேவைப்படும்போதெல்லாம் எடுப்பாங்க மாஸ்டர்.”

“ஒவ்வொரு வாட்டியும் படுக்கப் போட்டா?”

“பாதுகாப்பு முக்கியமில்லையா?”

“சரி,” என்றார். கோதண்டம் மாஸ்டரிடம் ஏழு விதமான சரிகள் உண்டு. துணி வீணாகப் போகிறது என்று தெரிந்தும் வெட்டும்போது சொல்வது ஐந்தாவது. அதைத்தான் சொன்னார். காதில் விழுந்தது, உறைக்கவில்லை.

இதில் என்ன வேடிக்கை என்றால், மற்ற எல்லாவற்றையும் நான் சந்தேகப்பட்டேன். நிறத்தை மூன்று முறை மாற்றினேன். தோள்பட்டையைப் பிரித்துத் தைக்கச் சொன்னேன், பிறகு பழையபடியே தைக்கச் சொன்னேன். காலையில் கிரெஷ் கதவைத் தாண்டிய பிறகு, அமலிக்குத் தொப்பி போட்டேனா என்று திரும்பி ஓடிப்போய்ப் பார்க்கிற ஆள் நான். தலை எந்தப் பக்கம் என்பதை மட்டும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி வேலையாகப் பாக்கெட்டுகளின் அளவைச் சோதிக்க, கைக்குக் கிடைத்ததையெல்லாம் உள்ளே போட்டுப் பார்த்தேன். கைக்குக் கிடைத்தது என் தோள் பைதான். அதில் இருந்ததெல்லாம் அமலியின் சாமான்கள். பந்துக்குக் கிலுகிலுப்பை, கையுறைக்குச் சாக்ஸ். புள்ளி எழுதும் அட்டைக்கென்று இருந்த பாக்கெட்டுக்கு நான்காக மடித்த காகிதம் ஒன்று தேவைப்பட்டது. அதுவும் என் பையில் இருந்தது. அளவு கச்சிதம். அந்தத் திருப்தியில் எதையும் வெளியே எடுக்க மறந்துவிட்டேன்.

பை வாங்க வருகிறவர் வெள்ளைக்காரராக இருப்பார் என்று நினைத்து, பிரெஞ்சில் நான்கு வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். வந்தவர் எங்கள் ஊர்க்காரர். ஐம்பது வருஷமாகப் பிரான்ஸில் இருப்பவர். எல்லாரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் மொசியே அந்துவான் என்றார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தவர், தன் மட்டைகளில் ஏழு மட்டும் எடுத்து ஒரு போர்வையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்.

முதலாளி, மாஸ்டர், நான், மேஜைமேல் பை. மொசியே ஒருமுறை சுற்றி வந்தார். தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்து, “த்ரே பியேன்”, ரொம்ப நல்லா இருக்கு, என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு குறுகலான மேல்பக்கத்தில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார்.

“மட்டைய எப்படிம்மா உள்ள விடறது?”

“அடியிலேந்து மொசியே.”

நான் பையைத் தரையில் படுக்கவைத்தேன். முழங்கால் போட்டு உட்கார்ந்து, பூட்டைத் திறந்து, அவருடைய மட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். ஜிப்பை மூடி, பையை நிமிர்த்தி வைத்தேன். மேலே ஏழு கறுப்புப் பிடிகள் ஒரே மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன.

“பார்க்க அழகா இருக்கு,” என்றார் மொசியே. “இப்ப எம் பந்து மணல்ல விழுந்துடுச்சுன்னு வெச்சிக்கம்மா. அதுக்குன்னு ஒரு மட்டை இருக்கு. எடுத்துக் குடு.”

நான் ஏழு பிடிகளையும் பார்த்தேன். ஏழும் என்னைப் பார்த்தன.

மறுபடி படுக்கவைத்தேன். முழங்கால், பூட்டு, ஜிப். அவசரத்தில் துப்பட்டா நுனி ஜிப்பில் மாட்டிக்கொண்டது. நான் பையோடு கட்டுண்டு தரையில் இருக்க, மாஸ்டர் வந்து விடுவித்தார்.

“அதுக்குள்ள எனக்குப் பின்னாடி ஆடற மூணு பேரும் என்னைத் தாண்டிப் போயிருப்பாங்க,” என்றார் மொசியே, கோபமே இல்லாமல். “தலையப் பார்த்தாதாம்மா எது எதுன்னு தெரியும். ஏன் உள்ள மறைச்சிட்ட?”

“கொழந்தை கண்ணுல குத்திடும்னு...” என்று ஆரம்பித்தேன். ஒரு மாதமாக மலைபோல் நின்ற காரணம், அந்த அறையில் சொன்னபோது கடுகாகிவிட்டது. முதலாளி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எனக்குள்ளே ஒப்பந்தத்தின் இரண்டாம் பாதி கேட்டது. தேறாவிட்டால் வீடு.

அப்போதுதான் கோதண்டம் மாஸ்டர், யாரையும் கேட்காமல், பையை இரண்டு கையாலும் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து மேஜையில் சாய்த்து நிறுத்தினார். அடிக்கதவு மேலே வந்தது. ஜிப்பைத் திறந்தார். அகலமான வாய், பதினான்கு தடுப்புகள், ஏழு தலைகளும் பளபளவென்று மேலே. கோல்ஃப் பை. போனில் நான் பார்த்த அதே கோல்ஃப் பை.

“இவ்ளோதான் சார். அடிய மட்டும் பட்டையா மாத்திட்டா நிக்கும்,” என்றார் மாஸ்டர்.

நான் மூச்சுவிடுவதற்குள், தலைகீழான எட்டுப் பாக்கெட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக, நான் டிசைன் செய்தபடியே, சத்தமே இல்லாமல் திறந்துகொண்டன. முதலில் கிலுகிலுப்பை விழுந்தது. (அது மட்டும் சத்தம் போட்டது.) பிறகு பவுடர் டப்பா. பாதி கடித்த ரஸ்க். மஞ்சள் சாக்ஸ், ஒரு கால். கடைசியில், நான்காக மடித்த காகிதம் மெதுவாக ஆடியபடி இறங்கி முதலாளியின் ஷூ மேல் உட்கார்ந்தது.

அவர் குனிந்து எடுத்தார். விரித்தார். படித்தார். நல்ல கையெழுத்து என்பதால் சீக்கிரம் படித்துவிட்டார்.

“என்னம்மா இது, செலின்?”

கிரெஷ், ஐந்து விரல், பொத்தான் என்று எதையோ சொல்லப் பார்த்தேன். அழுகைதான் வந்தது.

“சார், பை தலைகீழா நிக்கறப்ப வுழுந்தது எதுவும் செல்லாது,” என்றார் கோதண்டம் மாஸ்டர்.

முதலாளி காகிதத்தை இன்னொரு முறை பார்த்தார். “தேதியும் போடல,” என்று முணுமுணுத்துவிட்டு, அதே நான்கு மடிப்பாக மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

மொசியே அந்துவான் இதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவர் மஞ்சள் சாக்ஸை எடுத்து, ஓர் இரும்பு மட்டையின் தலையில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிதான் போனது.

“இதுக்கும் சாக்ஸ் உண்டும்மா. தலைக்குப் போடற உறை. நீ கவலைப்பட்டதுக்கு மருந்து ஏற்கெனவே இருக்கு,” என்றார். பிறகு ஒரு பாக்கெட்டில் கையைவிட்டு எடுத்தார். மறுபடியும் விட்டு எடுத்தார். “ஆனா இது எங்கயும் இல்ல. ஒருத்தன் குறி பார்க்கறப்ப பக்கத்துல இருக்கறவன் ஜிப்ப இழுத்தான்னா கொலை விழும். இந்தச் சத்தமில்லாத பாக்கெட் எங்க புடிச்ச?”

“எம் பொண்ணு தூங்கணும்னு மொசியே.”

“பாக்கெட்ட நேரா திருப்பித் தையி. மீதி எல்லாம் தலைகீழா அப்படியே இருக்கட்டும்,” என்றார்.

இரண்டாவது சாம்பிளில் தோள்பட்டை அறுந்தது. மூன்றாவதுதான் தேறியது. ஆர்டரும் பெரிதாக ஒன்றும் வரவில்லை, ஆனால் வந்தது. மொசியே முதல் சாம்பிளைப் பார்த்த அன்று சாயங்காலம் கிரெஷ்ஷில் அமலியை வாங்கியபோது, நேரே என் துப்பட்டாவைத்தான் பிடித்தாள். நுனியில் ஜிப் கிழித்த ஓட்டை. அதில் ஒரு விரலை விட்டுப் பார்த்து, அதன் பிறகு தினமும் அதைத்தான் தேடினாள். அந்தத் துப்பட்டாவை நான் தைக்கவே இல்லை.

நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். எங்கள் வீட்டில் இன்றுவரை யார் எதை எங்கே வைத்தாலும் கேள்வி ஒன்றுதான். நான் பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஜெரோம் கேட்பார், “தலை எந்தப் பக்கம்?” நாத்தனார் குழந்தையின் ஞானஸ்நானத்தன்று பிள்ளையை என் கையில் கொடுத்தபோது, கோயில் என்றும் பாராமல் மாமா, “செலின், தலை மேல இருக்கணும்மா,” என்றார். பங்குச் சாமியார் வரை சிரித்துவிட்டார். (“கனமானது அடியில” என்று சொன்ன நிபுணர் இவர்தான் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.)

அந்த முதல் சாம்பிள் எங்கள் வாசல் சுவரில் சாய்ந்து தலைகீழாக நிற்கிறது. அதில் குடைகள், ஒட்டடைக்கோல், மாமாவின் கைத்தடி. அமலி இப்போது யூகேஜி. போன வாரம் தன் பொம்மையை அதில் செருகிக்கொண்டிருந்தாள். கால் உள்ளே, தலை வெளியே.

“ஏன்டா பாப்பாவ இப்படி வெச்சிருக்க?” என்றேன்.

“தலை தெரிஞ்சாதாம்மா யாருன்னு தெரியும்,” என்றாள்.

சரியென்றுதான் பட்டது. இருந்தாலும் அவள் அந்தப் பக்கம் போனதும், மேலே நீட்டிக்கொண்டிருந்த குடைக் கம்பிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். எல்லாவற்றின் நுனியிலும் அமலிக்குச் சின்னதாகிவிட்ட சாக்ஸ் மாட்டியிருந்தது. ஒன்று மட்டும் கழன்றிருந்தது. அதையும் மாட்டிவிட்டு வந்தேன்.