டெஸ்க்டாப்பும் என் கால் கட்டைவிரலும்

மனிதர்களுக்குக் கேடு பெரும்பாலும் வாயால் வருகிறது. எனக்குக் காலால் வந்தது. முழுக் காலால்கூட அல்ல, வலது கால் கட்டைவிரலால். (நான் வேலை பார்க்கும் ஸ்டோர்ஸில் ஒருமுறை இரும்புப் பெட்டி விழுந்ததிலிருந்து அது மற்ற விரல்களோடு சேராமல், கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி மேல்நோக்கித் தனியே நிற்கும்.) சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த விரல் செய்த காரியத்தால்தான் என் ஒரே மகள் யாழினி இன்று புனேயில் இருக்கிறாள். நான் அம்பத்தூர்ப் பக்கம் மேனாம்பேட்டில் இருக்கிறேன். நடுவில் விடிய விடிய ஓடும் ஒரு ரயில் இருக்கிறது.

யாழினி படித்தது கட்டடக் கலை. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததைப் போலக் கம்ப்யூட்டரில் காட்டுவது அவள் வேலை. ஜன்னல் வழியே வெயில் விழும், திரைச்சீலை அசையும், மேசை மேல் ஒரு காப்பிக் கோப்பை ஆவி விட்டுக்கொண்டிருக்கும். ஆள் மட்டும் இருக்காது. அவள் காட்டும்போதெல்லாம், அந்தக் கோப்பையை யாராவது எடுத்துக் குடித்துவிட்டால் தேவலை என்று எனக்கு இருக்கும்.

புனேயில் ஒரு நிறுவனம் அவளுக்கு வேலை கொடுத்தது. கூரியரில் ஒரு லேப்டாப்பும் வந்தது. ஆபீசுக்கு வரலாம், இல்லையென்றால் வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் பெரிய வேலைகளைத் தாங்குகிற மெஷின் வீட்டில் இருக்க வேண்டும் என்றார்கள்.

"நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல பாட்டுதான்பா கேக்கலாம். இதெல்லாம் ஓடாது. நான் புனேவுக்கே போயிடறேன்" என்றாள், தோசையைப் பிய்த்துக்கொண்டே.

பிள்ளைகள் ஏன் இப்படிப்பட்ட விஷயங்களைத் தோசையோடு சேர்த்தே சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. எனக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. குறை மெஷினில்தான். மெஷின் வந்துவிட்டால் மகள் இருந்துவிடுவாள். புது ஸ்கூட்டருக்காகச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு, பழைய ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பி, கரையான்சாவடி மெயின் ரோட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

"பாய், ஒரு லேப்டாப்பைத் தோக்கடிக்கணும். அந்த மாதிரி ஒண்ணு குடுங்க."

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். லேப்டாப்பின் பிராசசர் பெயரைச் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். காட்டினேன்.

"இதே பேர்ல, இதே நம்பர்ல டெஸ்க்டாப்புக்கும் வருது சார். கடைசி எழுத்துதான் மாறும்."

"ஒரு எழுத்துதானே?"

"நீங்களும் தனசேகர். எதிர்ல பழக்கடை வச்சிருக்கிறவரும் தனசேகர். இனிஷியல் மாறிச்சுன்னா உங்க சம்பளம் அவர்கிட்ட போயிடாதா சார்?"

பிறகு பொறுமையாகச் சொன்னார். டெஸ்க்டாப் பிராசசர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது. எவ்வளவு கரண்ட் கேட்டாலும் கிடைக்கும். கல்யாண சமையல் அடுப்பு மாதிரி, ஊருக்கே ஒரே மூச்சில் ஆக்கிப் போடும். லேப்டாப்புடையது பேட்டரிக்குப் பயந்து, சூட்டுக்குப் பயந்து, அளவாகச் சாப்பிட்டு அளவாக ஓடுவது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் இன்னும் மெதுவாகிவிடும்.

"அது டிபன் பாக்ஸ் சார். ஆனா போற எடத்துக்கெல்லாம் கூட வரும்."

"போற எடமே வேணாம் பாய். இங்கியே இருக்கிறதா குடுங்க."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "காத்து கேக்கும் சார். மூச்சு முட்டுச்சுன்னா தன் வேகத்தைத் தானே குறைச்சிக்கும்."

தலையாட்டினேன். (நான் தலையாட்டுவதற்கும் கேட்பதற்கும் சம்பந்தமில்லை என்பது என் மனைவி மல்லிகாவின் கண்டுபிடிப்பு.)

பெட்டி வந்து இறங்கியது. குட்டி பீரோ அளவு, கன்னங்கரேலென்று, பளபளக்கும் பாலித்தீன் கவருக்குள். மல்லிகா சந்தனம் குங்குமம் வைத்தாள், கவர் மேலேயே. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். கவரோடு வந்ததைக் கவரோடு காப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் வீட்டு டிவி ரிமோட் இன்றுவரை வெளிக்காற்றைச் சுவாசித்ததில்லை. சோபாவில் யார் உட்கார்ந்தாலும் முறுக்குப் பொட்டலம் பிரிக்கும் சத்தம் வரும். எனவே பின்பக்கம் ஒயர் போகிற அளவுக்கு மட்டும் கத்தரியால் வெட்டிவிட்டு, மீதிக் கவரை அப்படியே விட்டேன். தூசு படக்கூடாது. கீறல் விழக்கூடாது. புதிதாகவே, இப்படியே, இங்கேயே இருக்க வேண்டும்.

யாழினி பார்த்தாள். "அப்பா, அந்தக் கவரை எடுத்துடுங்கப்பா."

"எடுக்கலாம்மா. என்ன அவசரம்?"

கவரை ஒருமுறை விரலால் தட்டிப் பார்த்தாள். இரண்டாம் முறை சொல்லவில்லை. வேறு ஒன்று சொன்னாள்.

"சரிப்பா, ஒரு பந்தயம். நான் செஞ்ச ஒரே வீட்டை ரெண்டுலயும் ஓட விடுவோம். உங்க டெஸ்க்டாப்பு மொதல்ல முடிச்சா நான் இங்கியே இருக்கேன். லேப்டாப்பு முடிச்சா புனே."

அந்த ஞாயிற்றுக்கிழமை மல்லிகா வடை சுட்டாள். எதிர்வீட்டுக்காரர்கள் வாசனை பிடித்து வந்துவிட்டார்கள். மல்லிகாவின் தம்பி குமாரும் வந்திருந்தான். அண்ணனூர் கார் ஷெட்டில் மின்சார ரயில் பழுது பார்க்கிறவன். உலகத்தில் மீதி எல்லாவற்றையும் வாயாலேயே பழுது பார்ப்பான்.

"இன்னா மாமா, பொட்டிக்கு ரெயின்கோட்டு மாட்டி வச்சிக்கீற? மழை வருதா?"

"தூசு மச்சான்."

"தூசு பட்டா இதுக்கு இன்னா, சளியா புடிக்கப் போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து பேசத் தொடங்கினேன். (ஆம், பேசினேன். வீட்டு ஹாலில், லுங்கியில் நின்று.) லேப்டாப் பிராசசர் ஊர் ஊராகத் திரியும் பறவை என்றேன். டெஸ்க்டாப் பிராசசரோ வேர் பிடித்த மரம், அதன் நிழலில்தான் பறவையே உட்கார வேண்டும் என்றேன். பெயர் ஒன்றாக இருந்தாலும், ஒருவன் ஓடிக்கொண்டிருப்பானா, ஊன்றி நிற்பானா என்பது கடைசி எழுத்தில்தான் இருக்கிறது என்று தழுதழுத்தேன்.

"மாமா, வடை ஆறுது" என்றான் குமார்.

பந்தயம் தொடங்கியது. இரண்டு திரையிலும் ஒரு பச்சைக் கோடு. டெஸ்க்டாப்பின் கோடு பத்து, இருபது, முப்பது சதவீதம் என்று பாய்ந்தது. லேப்டாப்பின் கோடு நகர்வதே தெரியவில்லை. நான் தொடையைத் தட்டினேன். அப்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் மிக்சி, பிறகு மாவு மில், பிறகு தலைக்கு மேல் தாழப் போகும் விமானம். மே மாத வெயில் வேறு. பாலித்தீன் கவர் உள்ளே இழுபட்டு, பல் போன கிழவரின் கன்னம் மாதிரி பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. பச்சைக் கோடு தயங்கியது. நாற்பதில் இளைத்தது. ஐம்பதில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் லேப்டாப், நோட்டுப் புத்தகக் கனம்கூட இல்லாதது, எறும்பு மாதிரி ஒரே சீராக வந்து, அதை முந்தி அறுபதுக்குப் போனது.

யாழினியைப் பார்த்தேன். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் இருந்தது லேப்டாப்பில் அல்ல, டெஸ்க்டாப்பின் கோட்டில்.

அந்த நகக்கடியைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அவிழ்ந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு போனபோது கடித்த அதே சுண்டுவிரல். இந்த விரல் இனி எந்த ஊரில் எந்த மேசையில் இருக்கும்? மேசைக்கடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தது. மூன்று சுவிட்ச், மூன்று சிவப்பு விளக்கு. சார்ஜரைப் பிடுங்கினால் லேப்டாப் மெதுவாகும் என்று பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. (பாய் சொன்னதில் எது வேண்டுமோ அது மட்டும் நினைவுக்கு வந்ததைக் கவனியுங்கள்.) முகத்தைச் சுவாமி படத்தின் பக்கம் வைத்துக்கொண்டு, வலது காலை வீட்டுச் செருப்பிலிருந்து உருவி, வாழ்நாளில் எதற்கும் உதவாத அந்தக் கட்டைவிரலை நீட்டி, தடவி, அழுத்தினேன்.

டக்.

விமானம் நின்றது. டெஸ்க்டாப்பின் திரை கறுத்தது. அதில் வடை எண்ணெய் மினுங்கும் என் முகம் தெரிந்தது.

"கரண்ட் போச்சா?" என்றாள் மல்லிகா.

"ஃபேன் ஓடுதேக்கா" என்ற குமார் குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். போன தலை மேலே வரவில்லை. அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மாமா... காலை எடு."

எல்லோரும் குனிந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் முட்டிவலியைப் பார்க்காமல் குனிந்தார். அந்த நேரத்திலாவது எடுத்திருக்கலாம். விரல் அசைய மறுத்தது.

"கொசு கடிச்சுது" என்றேன்.

"கொசு சுவிட்சு மேலயா குந்திக்கினு இருந்துச்சு?"

வீடு அதிர்ந்தது. யாழினியும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணில் நீர் வந்துகொண்டிருந்தது.

"சரியான சுவிட்சை அமுக்கியிருந்தாலும் அது நின்னிருக்காதுப்பா" என்றாள் மெதுவாக. "அதுக்கு உள்ள பேட்டரி இருக்கு."

லேப்டாப் அலட்டாமல் நூறைத் தொட்டது. திரையில் வெயில் விழும் வீடு, அசையும் திரைச்சீலை, ஆவி விடும் காப்பிக் கோப்பை.

சாயங்காலம் அவளே கத்தரி எடுத்து வந்து கவரை வெட்டி உரித்தாள். மறுபடி ஓடவிட்டாள். சத்தமே இல்லாமல், லேப்டாப் பாதி தாண்டுவதற்குள் டெஸ்க்டாப் முடித்துவிட்டது. நான் நம்பிக்கையோடு எல்லோரையும் பார்த்தேன்.

"டைமுக்கு வராத வண்டிக்கு சிக்னல் கெடையாது மாமா" என்றான் குமார்.

அவள் கிளம்பிய நாள் நான் சென்ட்ரலுக்குப் போகவில்லை. முட்டிவலி என்று எதிர்வீட்டு அம்மாளிடமிருந்து கடன் வாங்கிய காரணத்தைச் சொன்னேன். "போயிட்டு வரேன்பா" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனாள், தோளில் அந்த லேப்டாப் பையோடு. அவள் ரயில் அம்பத்தூர் வழியாகத்தான் போகும், நிற்காது. கதவுப் பக்கம் வந்து கை காட்டுகிறேன் என்றிருந்தாள். பிளாட்பாரத்தில் போய் நின்றேன். ரயில் வந்த வேகத்தில் எது எந்தப் பெட்டி என்றே தெரியவில்லை. ஒன்று விடாமல் எல்லாப் பெட்டிக்கும் கை காட்டினேன். யாரோ ஒரு பெரியவர் பல் குத்தும் குச்சியோடு பதிலுக்குக் கை காட்டினார். அவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நம்புகிறேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் எதில் தலையிட்டாலும் ஒரே பதில்தான். குழம்பில் உப்பு பற்றிச் சொன்னால், "காலை எடுங்க." குமார் மகன் எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று ஆரம்பித்தால், "மாமா, காலை எடு." கல்யாண வீட்டுப் பந்தியில் முகம் தெரியாத சொந்தக்காரர்கள்கூட முதலில் என் காலைத்தான் பார்க்கிறார்கள்.

புனேயில் இன்னொரு வேடிக்கை நடந்தது. இங்கே த. யாழினி. அங்கே ஆபீஸ் பதிவில் இனிஷியலை நீட்டி முழுதாக்கிக் கடைசியில் போட்டுவிட்டார்கள். அதையே குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டு அவளை எல்லோரும் தனசேகர் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். முன்னால் ஒற்றை எழுத்தாக இருந்த நான் பின்னால் முழுசாகத் தொற்றிக்கொண்டு போய்விட்டேன். பாய் சொன்னது சரிதான். எல்லாம் கடைசியில்தான் இருக்கிறது.

போன வாரம் இதே டெஸ்க்டாப்பில் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"டெஸ்க்டாப்புதான் ஜெயிக்கும்னு தெரிஞ்சேதானே அன்னிக்குப் பந்தயம் கட்டினே?"

"சின்னப் பசங்களுக்கே தெரியும்பா."

"அப்ப கவரை எடுக்கச் சொல்லி ஏம்மா ரெண்டாவது தடவை சொல்லல?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "தனசேகர்!"

"என்ன?" என்றேன் நான், இங்கிருந்து.

"எஸ்!" என்றாள் அவள், அங்கிருந்து.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னைக் கூப்புடறாங்கப்பா. போயிட்டு வரேன், இருங்க" என்று எழுந்து போனாள். நாற்காலி அரைச் சுற்று சுற்றி நின்றது. மேசை மேல் ஒரு காப்பிக் கோப்பை இருந்தது, நிஜக் கோப்பை.

சமையலறையிலிருந்து வந்த மல்லிகா திரையை எட்டிப் பார்த்தாள். "அவதான் எழுந்து போயிட்டாளே. சும்மா ஓடிக்கினு கீது. நிறுத்திட்டு சாப்பிட வாங்க" என்று குனிந்து சுவிட்சைத் தேடினாள். சுவிட்சின் மேல், யாரும் அணைத்துவிடாதபடி, என் பாதம் இருந்தது.

"காலை எடுங்க" என்றாள்.

"இருடி. போயிட்டு வரேன்னுதானே சொல்லிட்டுப் போயிருக்கா" என்றேன்.