போதும் என்று சொல்லாத கோமாளி

எங்கள் கொங்குப் பக்கத்தில் பசித்திருப்பது போல மட்டும் யாரும் நடித்துவிடக் கூடாது. இதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை (சொல்லியிருந்தாலும் நான் கேட்கிற ஆளா?).

புதுச்சேரிக்குப் போய் நாடகம் படிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். சோமனூரில் எங்கள் விசைத்தறி ஆபீசில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நாடகக் கொட்டகைகளைக் கலக்கிய ஊமைக் கோமாளியைப் பற்றி எங்கேயோ படித்திருந்தேன். முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, தொளதொளவென்று வெள்ளைச் சட்டை, தீராத பசி. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். ஆவதென்றால் அவனாகத்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"பேசாம இருக்கோணுமா? நீயா?" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "சரி அம்மணி. உன்ற அத்தை மகன் ரிசப்ஷன்ல நடிச்சுக் காட்டு. முடியற வரைக்கும் வாயே தொறக்கலைன்னா புதுச்சேரி. ஒரு வார்த்தை பேசிப்போட்டாலும் தறி ஆபீசுதான்."

அவிநாசி மண்டபத்தில் மேடை ஏறினேன். இல்லாத ஓட்டல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி ஏங்கினேன். கூட்டம் கப்சிப். அடடா, அவிநாசியையே கட்டிப்போட்டுவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

முன்வரிசையிலிருந்து அத்தை எழுந்தார். "ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு யாரும் சோறு போடலீங்களா?"

அவ்வளவுதான். மேடையிலேயே இலை விழுந்தது. வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "பாவம், கூச்சப்படுதுங்க" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கோமாளிக்கு நிஜமாகவே சோறு கிடைத்தால் சாப்பிடத்தானே செய்வான்? சாப்பிட்டேன். எங்கள் பந்தியில் வாயைத் திறந்து 'போதுங்க' என்று சொன்னால்தான் பரிமாறுகிறவர் நகர்வார். இலையை மறைத்தால் அதுவும் கூச்சக் கணக்கில் சேர்ந்துவிடும்.

அப்பாவுக்கு இது சட்டென்று உறைத்தது. ரச வாளியை அவரே வாங்கிக்கொண்டு வந்தார்.

"போதும்னு சொல்லு அம்மணி, நிறுத்திப்போடறேன்."

இலையை மறைத்த கையின் மேலேயே கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். 'ஐயோ' என்று அலற வேண்டிய வாயை, சத்தமே இல்லாமல் அகலத் திறந்தேன். மண்டபம் கைதட்டியது. அப்புறம் தயிர்ச் சோறு. அப்புறம் பாயசம். மறுபடியும் பாயசம். வயிறு வெடித்தாலும் சரி, தறி ஆபீசுக்குப் போக மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். கண்ணீர் வழிந்து வெள்ளைப் பூச்சில் இரண்டு கோடுகள் விழுந்தன.

கரண்டியைப் பிடித்த அப்பாவின் கை அப்படியே நின்றது. என் முகத்தையே பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"போதும் கண்ணு," என்றார் அவர். "போய்ப் படி."

படித்தேன். இன்று எனக்குச் சோறு போடுவதும் அதே கோமாளிதான். ஆனால் சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில் மட்டும் நான் "போதுங்க! போதுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாலும், எதிர் வரிசையிலிருந்து அப்பா குரல் கொடுத்துவிடுகிறார்.

"அவ நடிக்கறாளுங்க. நீங்க போடுங்க."