நாற்பத்திரண்டு பேரின் குறையும் என் ஒருவன் கையெழுத்தும்

என் சொல்லை என்றுமே தட்டாத, தட்டினாலும் சத்தம் வராமல் தட்டுகிற அருமை மருமகப்பிள்ளைக்கு, உன் தாய்மாமனும் பூட்டு வார்டின் மூத்த உதவியாளரும் இருநூறு சாவிகளுக்கு ஏக சக்கரவர்த்தியுமான நான் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் சுகம் என்று நானே தீர்மானித்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் என் சுகத்துக்கே இடம் போதவில்லை.

எங்கள் மனநல மருத்துவமனையைப் பூட்டு, மதில், நோயாளிகள், நான் என எல்லாவற்றோடும் பெயர்த்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு புதுக் கட்டிடத்தில் வைக்கப்போகிறார்கள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். நான் வீடு வந்து சேர்வதற்குள் மறுநாள் கிளம்பும் நேரம் வந்துவிடும். இதில் ஊழியர்களுக்குக் குறை இருந்தால் பெயர் போடாமல் எழுதி வாசலில் உள்ள பெட்டியில் போடலாம் என்று கண்காணிப்பாளர் சுற்றறிக்கை விட்டார். பெயர் இல்லாவிட்டாலும் எழுத்து காட்டிக்கொடுத்துவிடுமே என்று அத்தனை பேருக்கும் நடுக்கம். "உங்களுக்கென்னண்ணே, எட்டு மாசத்துல ரிட்டயர்டு, நீங்களே எழுதிப் போட்டுடுங்க" என்று சமையல்காரர் ஆரம்பித்துவைத்தார். புது அடுப்படியில் புகை போக வழியில்லையாம். காவலாளிக்குப் புது மதிலின் குட்டை உயரமே குறை; அவர் தும்மினால் தலை அந்தப் பக்கம் போய்த் திரும்புமாம். நர்சம்மாவுக்கு ஓய்வறையில் கதவே இல்லை. இப்படி நாற்பத்திரண்டு பேர். நானும் காவியம் பாடுகிற வேகத்தில் மூன்று பேனாவைக் கொன்று, நாற்பத்திரண்டு தாள் எழுதிப் போட்டேன்.

உள்ளே இருப்பவர்களை யாரும் கேட்கவில்லை. பதினேழு வருஷமாக ஒரே ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறவர் மட்டும் என்னைக் கூப்பிட்டு, "அங்க ஜன்னல் எந்தப் பக்கம்?" என்றார். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தும் கண்காணிப்பாளருக்கே தெரியவில்லை. அதையும் நாற்பத்து மூன்றாவதாக எழுதிப் போட்டேன்.

பெட்டியைத் திறந்தார்கள். எல்லாம் ஒரே கையெழுத்து. ஒரே ஆள் தன்னைச் சமையல்காரர், காவலாளி, நர்சம்மா என்றெல்லாம் சொல்லிக்கொள்கிறான், ஜன்னல் வேறு கேட்கிறான். வேறு அலுவலகமாக இருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள். இங்கே என்னை டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அவர் சின்ன வயசு, குரலில் தேன். "எத்தனை நாளா உங்களுக்குள்ள சமையல்காரர் பேசறார்?" என்று கேட்டார்.

"எனக்குள்ள இல்ல டாக்டர், அடுப்படியில இருக்கார்."

அவர் "அடுப்படி" என்று எழுதி அடிக்கோடிட்டார். வேண்டுமானால் சாட்சி கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிட்டார்கள். கண்காணிப்பாளர் முகத்தைப் பார்த்ததும் ஒருவர் விடாமல், எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க, புதுக் கட்டிடம் சொர்க்கம்ங்க என்று கையைக் கட்டி நின்றார்கள். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பாவம், எனக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

இப்போது எட்டு மாச வேலை ஒரு படிவத்தில் தொங்குகிறது. நெருங்கிய உறவினர் ஒருவர் இரண்டில் ஒன்றை டிக் செய்து கையெழுத்துப் போட வேண்டும்: "சமீபத்தில்தான் இப்படி ஆனார்", அல்லது "பிறவியிலேயே இப்படித்தான்". முதலாவது என்றால் வேலைக்குத் தகுதியில்லை. இரண்டாவது என்றால் அது குணம், நோயல்ல, வேலையில் தொடரலாம். உன் அத்தையிடம் கொடுத்தால் இரண்டையும் டிக் செய்வாள். ஆகவே உன்னிடம் அனுப்புகிறேன். உன் கல்யாணப் பந்தியில் பத்தாயிரம் பேர் சாப்பிட்டதாக நான் ஊரெல்லாம் சொன்னதை நினைத்துக்கொண்டு, தயங்காமல் "பிறவியிலேயே" என்பதில் டிக் போட்டு உடனே அனுப்பு.

பதினாறில் ஒன்றிரண்டு குறைந்தாலும் பாதகமில்லை, பெற்று வாழ்க.

இப்படிக்கு,
இன்றைய தேதிக்குத் தெளிவாக இருக்கும் உன் மாமன்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கப் போகும்போது புதுச் சுற்றறிக்கை பார்த்தேன். தகுதியில்லாதவர்களைப் புது இடத்துக்கு அழைத்துப்போக மாட்டார்களாம். ரிட்டயர்டு ஆகும் வரை அதே சம்பளத்தில் இந்தக் காலிக் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமாம். எனவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, "சமீபத்தில்தான்" என்பதில் டிக் போடு. அழுத்தமாகப் போடு. நாற்பத்திரண்டு பேரும் தங்களையும் தகுதியில்லாதவர்களாக்கும்படி ஏதாவது எழுதித்தரச் சொல்லி என் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே ஏழாவது ஆளாக அந்த டாக்டரும் புகுந்திருக்கிறார். நன்றாகப் பரிசோதிக்காமல் எழுத முடியாது என்று சொல்லி உட்காரவைத்திருக்கிறேன்.