வாய் திறக்கும் நேரம்

"திறந்துட்டா! போடுங்க, போடுங்க!"

"எங்க போட? அதுக்குள்ள மூடிட்டாளே!"

ஸ்பூனும் கையுமாக நின்றார் பழைய பேப்பர் கடைக்காரர். மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். முதல் மூன்று மாதம் மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் பால் இறங்கியது. இப்போது இரண்டு வயது. வாய்க்குப் பக்கத்தில் எது வந்தாலும் பூட்டுதான். பேச்சும் இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை.

"பத்து நாள்ல கால் கிலோ ஏறணும். இல்லன்னா மறுபடி குழாய்தான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஊரையே எடை போடுற மனுஷன், பெத்த பொண்ணுக்குக் கால் கிலோ ஏத்த முடியலையா?" என்றாள் மனைவி.

"கடைத் தராசுன்னா கண்ணை மூடிக்கிட்டு ஏத்திடுவேன்டி. இது ஆஸ்பத்திரித் தராசு!"

மறுநாள் பழைய சைக்கிள் ஹாரன் ஒன்றைக் கொண்டுவந்து அமுக்கினார். மகள் சிரித்தாள். ஒரு வாய் உள்ளே போனது. அதற்கடுத்த நாள் ஹாரனைக் கண்டதுமே உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மச்சான் வந்து குரங்குச் சேட்டை செய்தான். இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவது வாய் அவன் சட்டைக்கு வந்தது. அதிலிருந்து மாமாவைப் பார்த்தாலே அழுகை.

"என் மூஞ்சிக்கு என்னக்கா குறை?"

"அதைத்தான் குழந்தை கண்டுபிடிச்சிருச்சு. நீ கிளம்பு."

கடைசியில் ஜன்னல்தான் கைகொடுத்தது. பூனை போனால் மகள் விரலை நீட்டுவாள், வாயைத் திறப்பாள். ஸ்பூன் உள்ளே. லாரி, காக்கா, எதிர்வீட்டுக் குடை, எது போனாலும் ஸ்பூன் உள்ளே. கடைக்காரர் கடையை மறந்தார். எடை ஏறியது.

பத்தாம் நாள் காலை, இன்னும் இருபது கிராம் பாக்கி. ஆஸ்பத்திரி பெஞ்சில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தே வாழைப்பழத்தை மசித்தார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. மகளின் விரல் எழுந்தது, வாய் திறந்தது. ஸ்பூன் உள்ளே.

"பாத்தீங்களாம்மா, கை வேகத்தை?" என்றார், தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், பெருமை தாங்காமல்.

அந்த அம்மா துடைப்பதை நிறுத்தினார்.

"வந்ததுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சார். பாவம், அது ஏதோ சொல்லத்தான் வாயைத் திறக்குது. ஒவ்வொரு தடவையும் நீங்க அடைச்சிடுறீங்களே."

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் ஸ்பூனைப் பார்த்தார். பத்து நாள். எத்தனை பூனை, எத்தனை காக்கா!

"அடுத்த குழந்தை, எடை பாக்க வாங்க" என்று உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார்.

மகள் மறுபடி ஃபேனைக் காட்டினாள். வாய் மெல்லத் திறந்தது. பாதி திறந்தபடி, பயந்துபோய், அப்பா கையையே பார்த்தாள். கையில் கடைசி ஸ்பூன்.

நீங்களே சொல்லுங்க, அவர் இடத்துல நீங்க இருந்தா ஊட்டுவீங்களா, காத்திருப்பீங்களா?