சிவப்புத் துண்டும் இந்தியக் கால்பந்தும்

நாலாம் வகுப்பைப் பாதியில் விட்ட நான் இதுவரை கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அச்சங்குளத்தில் முள்ளுக்காடாகக் கிடந்த கரிசலில் பதினாலு அறை உள்ள பட்டாசு ஆலை. (அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்று மூன்று பாம்பு. மூன்றையும் விரட்டியவன் நான்.) விருதுநகரில் மாடி வீடு. ஊர்க் கோயிலுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் என் பெயர் என் உயரத்துக்கு இருக்கும். அப்புறம், ஒரு இந்தியக் கால்பந்து வீரன்.

முதல் மூன்றை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். நாலாவதைச் சொன்னால் மட்டும் என் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். சிரிப்பதற்குக் காரணம் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

செல்போன் என் சட்டைப்பையில் செங்கல் மாதிரி கனத்த காலம் அது. எங்கள் ஆலையில் பெட்டி கட்டும் வேலை பார்த்த பேச்சியம்மாள், பதினெட்டு வயது முடிந்த தன் மகன் அய்யனாரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் தங்கிப் படித்தவன். எனக்குத் தயக்கம். பட்டாசு ஆலையில் ஆபத்து என்றால் மணி அடிப்போம். மணி கேட்காதவனை எப்படி உள்ளே விடுவது?

பேச்சியம்மாள் அசரவில்லை. "அடிச்சுக் காட்டாட்டி என்ன மொதலாளி, எதையாச்சும் ஆட்டிக் காட்டுங்க. அவனுக்குக் காதும் சேத்துக் கண்ணுலதான் இருக்கு."

அன்றைக்கு என் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைக் கழற்றிவிட்டுச் சிவப்புத் துண்டு போட்டேன். (நான் கட்சி மாறிவிட்டதாக ஊருக்குள் ஒரு மாதம் பேச்சு.) விதிகளும் போட்டேன். தலைக்கு மேல் சிவப்புத் துண்டு சுற்றினால், கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு ஓட வேண்டும். தனியாக ஓடக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். மரத்தடியில் தலை எண்ண வேண்டும். அந்த இரண்டாவது விதிக்குக் காரணம் இருக்கிறது. கூலிக்காரனாக இருந்த வயதில் ஒருநாள் நான் தனியாக ஓடி வந்தவன். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

சனிக்கிழமைதோறும் துண்டு சுற்றி ஒத்திகை பார்ப்போம். நாற்பது பேரில் எப்போதும் அய்யனார்தான் முதலில் மரத்தடிக்கு வருவான். வெறுங்கையோடு வரமாட்டான். யாராவது ஒருத்தர் அவன் பிடியில் திமிறிக்கொண்டு வருவார்கள்.

கால்பந்து அவன் பள்ளிக்கூடத்தில் கற்றது. சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வெளியே, பட்டாசு லேபிள் கழிவுக் காகிதத்தை உருட்டி, அணுகுண்டு வெடிக்குச் சுற்றுகிற சணலைச் சுற்றி ஒரு பந்து செய்து உதைத்துக்கொண்டிருப்பான். சணல் வீணாகிறதே என்று முதலில் வைதேன். அப்புறம் ஒருநாள் நின்று பார்த்தேன். பந்து அவன் காலோடு பேசிக்கொண்டு போனது. மதுரைக்குப் போய் நிஜப் பந்தும் பூட்சும் வாங்கிக் கொடுத்தது யார்? நான். இதை எங்கேயும் யாரும் எழுதவில்லை.

மூன்று வருடம் கழித்து, பள்ளி விளையாட்டு வாத்தியார் எழுதிப்போட்ட கடிதத்தை மதித்து, காது கேளாதோர் இந்திய அணிக்கு ஆள் எடுக்கிறவர் ஒருவர் விருதுநகருக்கே வந்தார். காது கேளாத பையன்கள் அணிக்கும் ஒரு கல்லூரி அணிக்கும் ஆட்டம். அவர் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்வார். அந்த ஒரு ஆட்டம்தான்.

மைதானத்துக்குக் கிளம்பும்போது பேச்சியம்மாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "இதுல தேறிட்டான்னா எம்புள்ள வெடிமருந்து ரூமுக்குள்ள போகவேண்டாம் மொதலாளி." ஆலை முதலாளியிடமே இதைச் சொல்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

தீபாவளி முடிந்து சீசன் இல்லாத நேரம். ஆலைக்கு லீவு விட்டு, இரண்டு லோடு வண்டியில் அத்தனை பேரையும் ஏற்றிப்போனேன். தேர்வாளருக்குப் பக்கத்து நாற்காலியை நானே எடுத்துப்போட்டு உட்கார்ந்தேன். முதல் பாதி முழுக்க அவருக்கு என் வாழ்க்கை வரலாற்றைச் சொன்னேன். மூன்று பாம்பையும் சொன்னேன். அவர் ஆட்டத்தை எட்டி எட்டிப் பார்த்தார். நானும் விடாமல் குறுக்கே சாய்ந்து சொன்னேன். நடுவர் ஏன் விசிலோடு கொடியும் வைத்திருக்கிறார் என்று கேட்டதற்கு, விசில் இவர்களுக்குக் கேட்காது, கொடி அசைந்தால்தான் நிற்பார்கள் என்று விளக்கினார். அப்போதாவது என் மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

இரண்டாம் பாதி. அய்யனார் காலுக்குப் பந்து வந்தது. ஒருத்தனைத் தாண்டினான். இரண்டாமவன் சறுக்கி விழுந்தான். எதிரே கோலி மட்டும். ஒரு தட்டுத் தட்டினால் இந்தியா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்து, நாற்காலி மேல் ஏறி நின்று, தோளில் கிடந்ததை உருவித் தலைக்கு மேல் சுற்றோ சுற்று என்று சுற்றினேன்.

அய்யனாரின் கண் ஓரத்தில் சிவப்பு பட்டது.

கையில் இருப்பதை விட வேண்டும் என்பது விதி. அவன் காலில் இருந்ததை விட்டான். பக்கத்தில் இருப்பவரை இழுத்து வர வேண்டும் என்பது விதி. பக்கத்தில் இருந்தவன் கோலி. அவன் மணிக்கட்டைப் பிடித்து மைதானத்துக்கு வெளியே ஓட ஆரம்பித்தான். "ஏலே விடு, விடுலே, நான் கோலிடா" என்று அவன் கத்துவது அய்யனாருக்கு எப்படிக் கேட்கும்? திரும்பிப் பார்த்தால், எங்கள் ஆலை ஆட்கள் நாற்பது பேரும் ஜோடி ஜோடியாகக் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடுகிறார்கள். டிபன் தூக்கு எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது. ஆள் இல்லாத பந்து தானாக உருண்டு, ஆள் இல்லாத கோலுக்குள் போய் நின்றது.

வெளியே ஒரு வேப்பமரம் இருந்தது வேறு. அதன் அடியில் அய்யனார் விரலை நீட்டித் தலை எண்ணுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. எண்ணினான். மறுபடி எண்ணினான். ஒன்று குறைந்தது.

அடுத்த நிமிடம், வெளியே போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் உள்ளே ஓடி வந்தான். நாற்காலி மேல் சிலையாக நின்ற என்னை அப்படியே தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டான். (அப்போது நான் தொண்ணூறு கிலோ. மைதானத்தின் பாதி தூரம்.) தலைகீழாகத் தொங்கியபடி தேர்வாளரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

மரத்தடியில் இறக்கிவிட்டு அவன் புகையைத் தேடினான். புகை இல்லை. என் முகத்தைப் பார்த்தான். சந்தோஷத்தில் சுற்றிவிட்டேன் என்பதைக் கையால் எப்படிக் காட்டுவது? எப்படியோ காட்டினேன். புரிந்துகொண்டு, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்துவிட்டான். நடுவர் கோல் இல்லை என்றதோடு, கோலியைக் கடத்தியதற்காகச் சிவப்பு அட்டையும் காட்டினார். சிவப்பைப் பார்த்ததும் இரண்டு பேர் மறுபடி ஓடினார்கள்.

பேச்சியம்மாள் சத்தம் போடவில்லை. "எம்புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டீகளே மொதலாளி" என்று மட்டும் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

துண்டைக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டு தேர்வாளரிடம் போய், தப்பு என்னுடையது, அவனுடையது அல்ல என்று மூன்று விதியையும் ஒப்பித்தேன். வாழ்க்கையில் நான் கையைக் கட்டி நின்று பேசியது அன்றைக்குத்தான். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வெளியே போனவன் உங்களுக்காகத் திரும்பி வந்தானே, அப்ப தீப்பிடிச்சிருக்குன்னுதானே அவன் நெனச்சான்?"

ஆமாம் என்றேன். அவர் நோட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன், இங்கிலீஷ்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. அந்த நோட்டில் இருந்ததை வாத்தியார் பிறகு எனக்குச் சொன்னார்: கண் எட்டுத் திசையும் பார்க்கிறது, கூட இருப்பவனை விட்டுவிட்டு வராத ஆள், தற்காப்புக்கு ஆகும். முன்னால் கோல் போட ஓடியவனைக் கோலுக்குக் காவலாகப் பின்னால் நிறுத்தினார்கள். அங்கே நின்றுதான் ஏழு வருடம் இந்தியாவுக்கு ஆடினான். நாலு நாட்டுக்குப் போனான். கடைசி இரண்டு வருடம் அணித்தலைவன். இன்று அரசாங்க வேலையில் இருக்கிறான். மருந்து அறைப் பக்கம் அப்புறம் கால் வைக்கவில்லை.

என் வீட்டிலோ, கல்யாணப் பந்தியில் வாய் துடைக்க நான் துண்டை எடுத்தால் போதும், மருமகன்கள் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். ஒருத்தன் பாயச டம்ளரோடு.

அதையும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. வெளிநாட்டில் ஜெயித்த அன்று எடுத்த போட்டோ பேப்பரில் வந்தது. ஜெயித்த அணி, தோற்ற அணி, நடுவர் உட்பட அத்தனை பேரும் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, கையில் ஒன்றும் இல்லாமல் எதையோ சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அய்யனார் போன இடமெல்லாம் இந்தக் கதையைக் கையாலேயே சொல்லியிருக்கிறான். அவர்கள் கைப் பாஷையில் அந்தச் சுற்றுதான் என் பெயராம். பேப்பர்காரர்களோ படத்துக்குக் கீழே 'வெற்றிக் களிப்பில் வீரர்கள்' என்று போட்டிருக்கிறார்கள்.

அது களிப்பு இல்லை ஐயா, என் துண்டு. திருத்திப் போடுங்கள்.